கொல்லைப்புறத்தில் ஒரு சின்ன மரப்பட்டறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, மர வேலையில் ஆசை இருக்கிறது, ஒரு ஷெட் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் தமிழ்நாட்டு வெயிலையும் ஐப்பசி மழையையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. நாற்காலி, அலமாரி, ஸ்டூல் செய்யும் பொழுதுபோக்குக்காரர்களுக்குத்தான் இது. ஆள் வைத்துத் தொழில் நடத்துவதற்கு அல்ல.

பத்துக்குப் பன்னிரண்டு அடி போதுமா?

ஒருவர் வேலை செய்யப் போதும். இரண்டு பேர் சேர்ந்து நின்றால் முழங்கை இடிக்கும். அகலம் மட்டும் 8 அடிக்குக் கீழே போக வேண்டாம். ஒரு பக்கம் 2 அடி மேஜை, எதிர்ப்பக்கம் ஒன்றரை அடி அலமாரி வைத்ததும், 7 அடி ஷெட்டில் மிஞ்சுவது வெறும் நடைபாதை.

அதே 120 சதுர அடியை 8-க்கு 15 ஆகக் கட்ட இடம் அமைந்தால், நான் அதைத்தான் எடுப்பேன். மரம் நீளமாக வருகிற பொருள். அகலம் இரண்டடி குறைவதால் வரும் சிரமத்தைவிட நீளம் மூன்றடி கூடுவதால் வரும் வசதி பெரிது. ஆனால் பெரும்பாலானோர் கேட்பது 10-க்கு 12 என்பதால், கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த அளவை வைத்தே.

திட்டத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது? என்னென்ன மெஷின் வாங்கப் போகிறேன் என்று பட்டியல் போட்டுவிட்டேன்.

பட்டியலை மடித்து வையுங்கள். சின்ன ஷெட்டில் முதலில் வரைய வேண்டியது காலி இடத்தை. கையில் நீளமான சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீங்கள் எங்கே நிற்பீர்கள், எந்தப் பக்கம் திரும்புவீர்கள், அறுத்த துண்டுகளை எங்கே வைத்து ஒன்றாகப் பூட்டுவீர்கள் என்பது முடிவானால், மெஷின்கள் மிச்சமிருக்கும் இடத்தில் தாமாக அமைந்துவிடும். மெஷினை வைத்துவிட்டு ஆளுக்கு இடம் தேடினால் கிடைக்காது.

கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டம் ஒரு அடி என்று வைத்து வரையலாம். ஆனால் தாளில் எல்லாமே இடம் பிடிப்பதுபோலத்தான் தெரியும். அதைவிட நல்ல வழி மொட்டை மாடிதான். சாக்பீஸோ கோலமாவோ எடுத்து, மாடித் தரையில் 10-க்கு 12 அடியை முழு அளவில் கோடு போடுங்கள். கதவுக்கு இடைவெளி விடுங்கள். மேஜை வரும் இடத்தில் பழைய மேஜையையோ அட்டைப் பெட்டிகளையோ அடுக்குங்கள். அப்புறம் ஒரு 8 அடி ரீப்பரை, அதாவது மெல்லிய மரச்சட்டத்தை, கையில் எடுத்துக்கொண்டு கதவு வழியாக உள்ளே வாருங்கள், அறுப்பது போல நில்லுங்கள், திரும்பி வைப்பது போல வையுங்கள். எந்த இடத்தில் பெட்டி இடிக்கிறதோ அந்த இடத்தில்தான் நாளைக்குச் சுவர் சுரண்டும், பல்பு உடையும்.

8 அடிப் பலகையைப் படுக்கையாகப் பிடித்து ஒரு சுற்றுத் திருப்ப 8 அடி விட்டத்தில் தடையில்லாத வட்டம் வேண்டும். 10 அடி அகலத்தில் மேஜைக்கு 2 அடியும் அலமாரிக்கு ஒன்றரை அடியும் போனால் மிஞ்சுவது ஆறரை அடி. ஆக இரண்டே வழி. ஒன்று, மரம் உள்ளே வரும் திசையிலேயே அறுபட்டு, அதே திசையில் வெளியே போக வேண்டும். இல்லையென்றால், மேஜை மட்டத்துக்கு மேலே உயரமாக எதுவும் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பலகை மேஜையின் தலைக்கு மேலாகச் சுழன்று போய்விடும். இரண்டையுமே திட்டத்தில் சேர்த்துவிடுவது உத்தமம்.

கதவு எந்தப் பக்கம்?

குறுகிய பக்கத்தில், அதாவது 10 அடிச் சுவரில். அகலம் 5 அடி, இரட்டைக் கதவு, வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே திறக்கும் கதவு தரையில் கால்வட்டமாக இடத்தைத் தின்றுவிடும். அந்த இடத்தில் எதையும் நிரந்தரமாக வைக்க முடியாது.

ரோலிங் ஷட்டர் போடலாமே என்பார்கள். இடம் மிச்சம்தான். ஆனால் மேலே சுருள் பெட்டி உயரத்தை எடுத்துக்கொள்ளும், மத்தியான வெயிலில் கொதிக்கும், இடுக்கு வழியாக எலி வரும். கடைக்குச் சரி, பட்டறைக்கு எனக்குப் பிடித்தமில்லை.

நிலைப்படி வேண்டாம். சக்கரம் வைத்த மேஜை ஒவ்வொரு முறையும் அதில் முட்டும்.

நிலைப்படி இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே வராதா?

அதற்குத்தான் பேஸ்மட்டம். தரையிலிருந்து ஒன்றரை அடி தூக்கிக் கட்டுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் யாரிடமும் இதை விளக்க வேண்டியிருக்காது. தண்ணீர் தேங்கும் பகுதி என்றால் இன்னும் கூட்டுங்கள்.

கதவுக்கு வெளியே அதே மட்டத்தில் ஒரு திண்ணை கட்டிவிடுங்கள். ஷெட்டின் முழு அகலத்துக்கும், 5 அடி ஆழத்தில், மேலே கூரையை நீட்டி. உள்தரையைவிட அரை அங்குலம் இறக்கி, வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்தால் தெறிக்கிற மழை உள்ளே போகாது. இந்தத் திட்டம் முழுவதிலும் மிக லாபமான செலவு இந்தத் திண்ணைதான் என்று சொல்வேன். உளி தீட்டுவது, பாலிஷ் போடுவது, தூசி பறக்கும் வேலை, வந்தவரோடு டீ குடிப்பது எல்லாம் அங்கேதான் நடக்கும். கதவைத் திறந்து வைத்தால் உங்கள் ஷெட் 12 அடி அல்ல, 17 அடி.

8-க்கு 4 பிளைவுட்டை இவ்வளவு சின்ன இடத்தில் எப்படி அறுப்பது?

உள்ளே அறுக்காதீர்கள் என்பதே முதல் பதில். டேபிள் சாவில் (மேஜையில் பொருத்திய சுற்று ரம்பம்) 8 அடி ஷீட்டை நீளவாக்கில் அறுக்க, பிளேடுக்கு முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி வேண்டும். மெஷினையும் ஆளையும் சேர்த்தால் 18 அடியைத் தொடும். பிளைவுட் கடையிலேயே அளவு சொல்லி அறுத்து வாங்க முடிந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் திண்ணையிலோ முற்றத்திலோ பலகை தாங்கும் இரண்டு குதிரைக் கால்களைப் போட்டு, மேலே நாலு ரீப்பர் பரப்பி, கையில் பிடிக்கும் சர்குலர் சாவால் பெரிய துண்டுகளாக்கிக்கொண்டு உள்ளே வாருங்கள்.

உள்ளேயேதான் அறுக்க வேண்டும் என்றால் டேபிள் சாவை நடுவில் வைக்காமல், கதவுக்கு அருகே, அறுபட்ட பலகை கதவு வழியாகத் திண்ணைக்கு மேல் நீளும்படி வையுங்கள். பிளேடு கதவிலிருந்து இரண்டரை அடி உள்ளே இருந்தால், நீங்கள் நிற்கும் பக்கம் ஒன்பதரை அடி கிடைக்கும். ஷீட்டின் இடது மூலையில் ஆள் ஒடுங்கி நின்று தள்ள அது போதும். அறுபட்டு வெளியே வரும் பலகையைத் தாங்கத் திண்ணையில் மெஷின் உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு வேண்டும். இல்லாவிட்டால் பலகை தன் எடையில் சாய்ந்து, பிளேடைப் பிடிக்கும்.

இன்னொன்று, கூரை உயரம். 8-க்கு 4 ஷீட்டின் மூலைக்கு மூலை அளவு 8 அடி 11 அங்குலம். சுவரோரம் நீளவாக்கில் நிற்கும் ஷீட்டை அப்படியே நிமிர்த்த வேண்டுமானால் கூரையின் தாழ்ந்த பக்கமே 9 அடிக்குக் குறையக் கூடாது.

வேலை மேஜையை எங்கே வைப்பது? உயரம் எவ்வளவு?

ஜன்னலுக்குக் கீழே. 6 அடி நீளம், 2 அடி ஆழம். ஆழம் அதற்கு மேல் போனால் பின்பகுதி குப்பைத்தொட்டி ஆகிவிடும். நம் ஊரில் வடக்குப் பார்த்த ஜன்னலில் பெரும்பாலான மாதங்கள் நேர்வெயில் விழாது. வெளிச்சம் காலையிலிருந்து மாலை வரை ஒரே சீராக இருக்கும், மரத்தில் கோடு போட்டால் நிழல் குழப்பாது.

உயரத்துக்குக் கடைக்காரர் சொல்லும் அளவு வேண்டாம். செருப்போடு நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு மடியும் இடம் பொதுவான வேலைக்குச் சரி. ஐந்தரை அடி ஆளுக்கு அது ஏறக்குறைய 32, 33 அங்குலம் வரும். இழைப்புளி அதிகம் தள்ளுபவர் என்றால் விரல்முட்டி அளவுக்கு இறக்குங்கள், உடம்பின் பாரம் இழைப்புளியில் இறங்கும். இறக்காவிட்டால் தோள்தான் வேலை செய்யும்.

நம் ஆசாரிகள் தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலாலேயே அழுத்திப் பிடித்து இழைத்து வந்தவர்கள். அந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. கட்டில் கால், அலமாரிக் கூடு போன்றவற்றைப் பூட்ட, மேஜையைவிடத் தரை நல்ல இடம். அதனால் நடுவில் ஆறடிக்கு ஆறடி எதுவும் வைக்காமல் விட்டுவிடுங்கள். காலியாக இருக்கிறதே என்று யாராவது ஒரு மூட்டையைக் கொண்டுவந்து அங்கே இறக்கும் நாளில் சண்டை போடத் தயங்க வேண்டாம்.

மெஷின்களை நிரந்தரமாகப் பொருத்தலாமா?

வேண்டாம். சுவரோர மேஜை ஒன்று மட்டும் அசையாமல் இருக்கட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் பிரேக் வைத்த சக்கரம். டேபிள் சாவின் மேல்மட்டமும் வேலை மேஜையின் மேல்மட்டமும் ஒரே உயரம் என்று வைத்துக்கொண்டால் ஒன்று இன்னொன்றுக்குத் தாங்கலாக உதவும். மேஜை அரை விரல்கடை தாழ்ந்திருக்கலாம், உயர்ந்திருக்கக் கூடாது.

கைக்கருவிகளுக்குச் சுவர்ப்பலகை. மூலைமட்டம், உளி, கொட்டாப்புளி, சுத்தியல் இவை மேஜையில் நின்றபடி எட்டும் தூரத்தில். அரம், துறப்பண அலகுகள், ஸ்க்ரூ டப்பாக்கள் எல்லாம் மேஜைக்குக் கீழே இழுப்பறையில். ஐப்பசி, கார்த்திகையில் உளியும் இழைப்புளி அலகும் துருப்பிடிக்கும். மெல்லிசாகத் தையல் மெஷின் எண்ணெய் தடவி, மூடியுள்ள பெட்டியில் வைப்பது நல்லது.

மரத்தை எங்கே அடுக்குவது? கரையானுக்குப் பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியதுதான். தேக்கின் வைரத்தை, அதாவது கெட்டியான நடுப்பகுதியை, கரையான் எளிதில் தொடாது. ஆனால் வெள்ளைப்பகுதியையும், மா மரத்தையும், ரப்பர் மரத்தையும், மலிவான பிளைவுட்டையும் விடாது.

மேற்குச் சுவரில் இரும்புக் கைகள் அடித்து, இரண்டடிக்கு ஒன்று என்ற இடைவெளியில், சட்டங்களைப் படுக்கையாக அடுக்குங்கள். மேற்குச் சுவர்தான் சாயங்காலம் வரை காயும். மரம் அடுக்கிய சுவர் உங்களுக்கும் அந்தச் சூட்டுக்கும் நடுவில் நிற்கும். கீழ் அடுக்கு தரையிலிருந்து ஓரடி மேலே இருக்க வேண்டும். சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டால் காற்றும் ஓடும், கரையான் மண்கோடு போட்டு ஏறினால் கண்ணிலும் படும். கரையான் மறைந்து வேலை செய்யும், கோட்டைப் பார்த்துவிட்டால் பாதி ஜெயித்த மாதிரி.

பேஸ்மட்டம் நிரப்பும்போதே மண்ணில் கரையான் மருந்து அடித்துவிடுங்கள். தரை போட்ட பிறகு துளை போட்டு ஊற்றுவது இரட்டைச் செலவு. அது அடித்தாலும் மரத்துண்டுகளைத் தரையில் குவிக்கிற பழக்கம் இருந்தால் பயன் இல்லை. துண்டுகளுக்கு ஒரே ஒரு டிரம் வையுங்கள், நிறைந்தால் அடுப்புக்கோ இஸ்திரி வண்டிக்காரருக்கோ கொடுங்கள்.

கூரைக்கு எந்த ஷீட்? சித்திரையில் உள்ளே நிற்க முடியுமா?

வெறும் கலர் ஷீட் மட்டும் போட்டால் பதினொரு மணிக்கு மேல் நிற்க முடியாது. நடுவில் நுரை வைத்த பஃப் பேனல் விலை அதிகம், ஆனால் சூட்டையும் மழைச் சத்தத்தையும் நன்றாகவே குறைக்கும். கட்டுப்படியாகவில்லை என்றால், கலர் ஷீட் போட்டு, அதற்குக் கீழே அரையடி இடைவெளி விட்டுத் தடுப்புக்கூரை ஒன்று அடியுங்கள். நடுவே மாட்டும் சூடான காற்று வெளியேறத் தாழ்ந்த ஓரத்திலும் உயர்ந்த ஓரத்திலும் கம்பிவலை வைத்த திறப்பு விட்டால்தான் பலன். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். துளை போடும்போதும் உடையும்போதும் பறக்கும் நார் நுரையீரலுக்குக் கேடு.

10 அடிக்கு ஒன்றரை அடி வாட்டம் கொடுங்கள். தண்ணீர் உங்கள் மனைக்குள்ளேயே விழ வேண்டும், பக்கத்து வீட்டுச் சுவரில் அல்ல.

மேலே தென்னைமரம் இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். காய்ந்த மட்டையே ஷீட்டை நசுக்கும். நெற்று விழுந்தால் கேட்கவே வேண்டாம்.

சீலிங் ஃபேன் கூடாது. 8 அடிச் சட்டத்தை நிமிர்த்தும் ஒவ்வொரு முறையும் அது இறக்கையைத் தேடிப் போகும். சுவரில் மாட்டும் ஃபேன் போதும்.

கரண்ட் விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

வீட்டுக்குள் இருக்கும் ஏதோ ஒரு பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுக்கிற வேலை வேண்டாம். மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, ஷெட்டுக்குள் தனி டப்பா. அதில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிப்பது), விளக்குக்கு ஒரு எம்.சி.பி. (பாரம் கூடினால் தானாக விழும் சுவிட்ச்), 16 ஆம்பியர் பிளக்குகளுக்கு இரண்டு எம்.சி.பி. ஏன் இரண்டு என்றால், 2000 வாட் டேபிள் சா 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். கூட ஓடும் 1200 வாட் வேக்குவம் 5 ஆம்பியருக்கு மேல். ஒரே லைனில் இரண்டும் என்றால் 14 ஆம்பியர், மோட்டார் கிளம்பும் கணத்தில் அதற்கும் பல மடங்கு.

விளக்கு லைன் மெஷின் லைனோடு சேரவே கூடாது. மெஷின் தடுக்கி எம்.சி.பி. விழும்போது விளக்கும் அணைந்தால், இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் பிளேடுக்கு முன்னால் நீங்கள் இருட்டில் நிற்பீர்கள்.

கரண்ட் போனால் முதல் வேலையாக மெஷின் சுவிட்சை அணைப்பதைக் கைப்பழக்கமாக்குங்கள். சுவிட்சை விட்டுவிட்டு டீ குடிக்கப் போய், திரும்பி வந்து பிளேடைத் துடைக்கும்போது கரண்ட் வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கரண்ட் வந்தாலும் மறுபடி அழுத்தினால்தான் ஓடும் ஸ்டார்ட்டர் வகைகள் உண்டு. டேபிள் சாவுக்கு அதைப் போடுவது நல்லது.

பிளக்குகளைத் தரையிலிருந்து நாலடி உயரத்தில் வையுங்கள். கீழே வைத்தால் முதல் வாரமே ஒரு பிளைவுட் அதை மறைத்து நிற்கும். எர்த் சரியாக இருக்கிறதா என்பதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பொழுதுபோக்கு தொழிலாக மாறினால் வீட்டு இணைப்பில் ஓட்ட முடியாது, மின்வாரியத்தில் கட்டண வகையை மாற்ற வேண்டும்.

தூசிக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் போதுமா?

பாதிக்குத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. அதனால் தும்மல் வந்தால் வரட்டும் என்று விடக்கூடாது. தூசியை அது பிறக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். மெஷினின் தூசிக்குழாயில் வேக்குவம் மாட்டுவதுதான் வழி. கதவுக்கு எதிர்ச்சுவரில் 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் மிச்சத்தைத் தள்ளும். மணல்தாள் தேய்ப்பதைத் திண்ணைக்கு மாற்றுங்கள், என்95 மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டிய இழைப்புச் சுருளைச் செடிகளுக்குப் போடலாம். எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை), பிளைவுட் தூளைப் போடாதீர்கள், அதில் பசை இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் என்பார்களே?

என்பார்கள், அது நியாயமும்கூட. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல்தான் அளவு. சர்குலர் சா பக்கத்தில் 100 டெசிபலைத் தொடும். அதனால் பக்கத்து வீட்டைப் பார்த்த சுவரை ஷீட்டில் அடிக்காமல் கல்லில் கட்டுங்கள், அந்தப் பக்கம் ஜன்னல் வேண்டாம். மெஷின் கால்களுக்கு ரப்பர் போடுங்கள். மத்தியானத் தூக்க நேரத்தில் கை ரம்பமும் உளியும் மட்டும். முதலில் செய்யும் ஸ்டூலை அவர்கள் வீட்டுக்குக் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது.

வாஸ்து பார்க்க வேண்டுமா?

பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கன்னிமூலையில் பாரம் வை என்பார்கள். மர அடுக்கும் தென்மேற்கில்தான் வருகிறது, ஆகவே சண்டை இல்லை. கதவு திசையில் மோதல் வந்தால் மரம் வரும் வழிக்கே என் ஓட்டு.

அதே ஷெட்டில் கொஞ்சம் வெல்டிங்கும் செய்யலாமா?

கூடாது. வெல்டிங், கிரைண்டர் பொறி 35 அடி தூரம்கூடப் போகும். மரத்தூளுக்குள் விழுந்த பொறி மணிக்கணக்கில் கனிந்துவிட்டு ராத்திரி பற்றும். திறந்த வெளியில், ஷெட்டிலிருந்து தள்ளி, கதவை மூடிவிட்டுச் செய்யுங்கள். தின்னர், பாலிஷ் டப்பாக்களையும் ஷெட்டுக்குள் சேர்க்க வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் தடவிய துணியைச் சுருட்டி எறிந்தால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்ட பிறகே குப்பைக்கு அனுப்புங்கள். தீயணைப்பான் கதவருகே இருக்கட்டும்.

அனுமதி வாங்க வேண்டுமா?

கட்டுவதற்கு முன் உங்கள் ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் மனை வரைபடத்தோடு போய்க் கேட்டுவிடுங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 தான் அடிப்படை. எல்லையிலிருந்து விட வேண்டிய இடம் மனையையும் கட்டடத்தையும் பொறுத்து மாறும். செப்டிக் டேங்க் மூடி மேல் மட்டும் எந்த அனுமதி இருந்தாலும் கட்டாதீர்கள், லாரி வரும் நாள் ஒன்று இருக்கிறது.

கையில் பணம் குறைவு. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது?

தள்ளிப்போட முடியாதவை: பேஸ்மட்ட உயரம், கரையான் மருந்து, கூரை உயரம், மின்சார லைன். இவற்றைப் பிறகு சரிசெய்ய வேண்டுமானால் உடைத்துத்தான் ஆக வேண்டும். திண்ணைக்கு இப்போதே அடித்தளம் போட்டு வைத்தால் அடுத்த வருஷம்கூட முடிக்கலாம். தரை சொரசொரப்பான சிமெண்ட்டே போதும். டைல்ஸில் மரத்தூள் விழுந்தால் வழுக்கும். சுவர்ப்பூச்சு, தடுப்புக்கூரை, இழுப்பறைகள் எல்லாம் மெதுவாக வரட்டும்.

தரை போடும் முன் ஒரு சின்ன வேலை: கதவருகே டேபிள் சா நிற்கக்கூடிய இடத்துக்குச் சுவரிலிருந்து இரண்டு பி.வி.சி. குழாய் புதைத்துவிடுங்கள், ஒன்று கரண்டுக்கு, இன்னொன்று 4 அங்குலத்தில் தூசிக்கு. இரண்டின் வாயையும் மூடி போட்டு அடைத்து, எங்கே முடிகின்றன என்று சுவரில் பெயிண்டால் அளவு எழுதி வையுங்கள். கொத்தனார் பூசி மூடிய பிறகு தேடுவது கஷ்டம்.